மயிலைக்காளையும் மருந்துச் சீசாவும்

பாதி மருந்து இருக்கிற சீசாவை வேலியோரம் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் விழுகிறவரை உதறுகிறார் பொங்கியண்ணக் கவுண்டர். களத்தில் சிந்திய கடலைக்காயை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்குகிற மனிதர் இவர். சாணி உருண்டை ஒன்று வழியில் கிடந்தால் துண்டில் ஏந்திக்கொண்டு வருவார். அவர் மருந்தைக் கொட்டுகிறார்! பக்கத்துத் தோட்டக்காரனான எனக்கே வயிறு எரிந்தது.

"ஏனுங் மாமா, மருந்து கெட்டா போச்சு?" என்றேன்.

"மூடியத் தொறந்து ரண்டு வாரமாச்சுங்க மாப்ள. மிச்சத்தக் கொட்டிப்போடோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும். பார்த்து என்னத்தக் கண்டோம்?"

மறுநாளே தாராபுரத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி, மனைவி செல்லாத்தாளின் கண்ணுக்குப் புதுச் சீசா வாங்கி வருவார். அதற்கு நடக்கிற உபசாரம் புதுமாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. வெயில் படாத உள்ளறை, அங்கே ஈரமணலில் ஒரு மண்கலயம், கலயத்துக்குள் சீசா, மேலே ஒரு தட்டு. அந்தப் பக்கம் எண்ணெய்க் குப்பியோ மாட்டு மருந்தோ போகக் கூடாது. கேட்டவருக்கு மூட்டைச் சோளத்தை அளந்து கொடுக்கிறவர், கண் சிவந்து வந்த பங்காளி இரண்டு சொட்டுக் கேட்டபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வண்டி கட்டுறனுங்க, ஆஸ்பத்திரிக்கே போயிரலாம். இத மட்டும் கேக்காதீங்க." சொன்னபடி வண்டி கட்டிக்கொண்டும் போனார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

போன வருஷம் சோளம் அடிக்கும்போது செல்லாத்தாளின் வலக்கண்ணில் சுணைத்தூசி விழுந்து கண் சிவந்தது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் விட வேண்டும். கண்ணும் தெளிந்துகொண்டுதான் வந்தது. அந்த நேரம் பார்த்து கவுண்டரின் மயிலைக்காளைக்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. காளையை ஓட்டிப்போக வேண்டிய கண்ணபுரத்து மாட்டுச் சந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. காளை என்றால் கவுண்டருக்கு உயிர். அந்தக் குழாயாலேயே காளைக்கும் மருந்து விட்டார். குழாய் அதன் கண்ணில் நன்றாக முட்டியது. தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். திரும்பச் சீசாவுக்குள் போட்டு, மாட்டுக் கட்டுத்தறிச் சுவரின் மாடப்பிறையிலேயே வைத்தார். சாயங்காலம் செல்லாத்தாளுக்கு விட்டதும் அதே குழாய்தான்.

"கண்ணு மருந்துதானுங்களே, மாட்டுக்கென்ன மனுசருக்கென்னன்னு நெனச்சுப்போட்டனுங்க" என்று இன்றைக்கும் சொல்வார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார்.

காளையின் கண் தெளிந்தது. செல்லாத்தாளின் கண் சீழ் கோத்து, பூ விழுந்து, பார்வை போயே போய்விட்டது. அவர் சந்தைக்குப் போகவில்லை. காளை இன்னும் கட்டுத்தறியில்தான் நிற்கிறது. "அது என்ன பண்ணும் பாவம், வாயில்லா சீவன்" என்பார். செல்லாத்தாள் அன்று முதல் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. "ஒரு வார்த்த திட்டியிருந்தாத் தேவலைங்க மாப்ள. சோத்தப் போட்டுப்போட்டு, இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்கங்கறா" என்று ஒரு நாள் என்னிடம் சொல்லி, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

இந்தக் கோடையில் இடக்கண்ணும் சிவந்துவிட்டது. இருப்பது அந்த ஒரு கண்தான். விடாமல் மருந்து விட்டால் தேறும் என்றிருக்கிறார் டாக்டர். சீசாவைக் கொண்டுவருவதும் காப்பதும் கவுண்டர். ஆனால் குழாயை மட்டும் அவர் கை தொடாது. அடுத்த வீட்டு மயிலாத்தாள்தான் காலையும் மாலையும் வந்து விடுவாள்.

நேற்று அவள் மகளின் பிரசவத்துக்கு வெள்ளகோவில் போய்விட்டாள். நான் போனபோது சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் தவித்துக்கொண்டிருந்தார் கவுண்டர்.

"நல்லவேளை வந்தீங்க. கையக் கழுவிப்போட்டு நீங்க ஊத்திருங்க மாப்ள."

நான் தண்ணீர்ப் பானைப் பக்கம் நகர்ந்தேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த செல்லாத்தாள் கவுண்டர் பக்கம் திரும்பிப் பேசினாள்.

"தம்பி வேண்டாமுங்க. பழக்கமில்லாத கை, கொழாய் கண்ணுல முட்டிப்போடும். முட்டுனா என்னாகும்னு உங்களுக்குத்தானுங்களே தெரியும்? நீங்க ஊத்துங்க."

ஒரு வருஷமாகக் கவுண்டர் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அதை அவள் இப்படிச் சொல்வாள் என்று யார் கண்டது!

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தூர வீசினார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். கட்டிலோரம் குனிந்து, அவள் கீழ் இமையை ஒற்றை விரலால் இழுத்து, குழாயைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். எங்கும் முட்டாமல் ஒரு சொட்டு விழுந்தது. அவள் மெல்லக் கண்ணை மூடினாள். அதற்குள் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கையில் குழாயை ஆடாமல் பிடித்தபடியே, தன் கண்ணீர் அவள் கண்ணில் விழுந்துவிடாமல் முகத்தை மட்டும் வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.