பெயரை எடுத்த பிறகு வந்த நோட்டீசுகள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு வேலை. பகலில் லிஃப்டைப் பழுதுபார்ப்பது. சாயங்காலம் அதைப் பற்றி வலைப்பதிவில் எழுதுவது. முதல் வேலையில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறார். இரண்டாவதில் வாசகர்கள் அறுபது பேர்; பாதிப் பேர் சக மெக்கானிக்குகள், ஒருவர் மச்சான். மனைவி படிப்பதில்லை. எல்லாவற்றையும் சாப்பிடும்போதே கேட்டுத் தொலைத்தாயிற்று என்பது அவள் கட்சி.

கதவு சிக்கிக்கொண்டதென்று ஒரு கட்டடத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அங்கே பராமரிப்பு வேறொரு நிறுவனம்; அவர்கள் போனை எடுக்கவில்லையாம். மொட்டைமாடி மோட்டார் அறைச் சுவரில் பராமரிப்பு அட்டை தொங்கியது. மாதாமாதம் கம்பிவடத்தையும் பிரேக்கையும் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டிய அட்டை. அதில் அடுத்த மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கையெழுத்து விழுந்திருந்தது. இன்னும் பிறக்காத தேதிகளில் பிரேக் பிரமாதமாக வேலை செய்ததாம். மெக்கானிக் அட்டையைப் போட்டோ எடுத்து, பராமரிப்பு நிறுவனத்தின் பெயரைப் பளிச்சென்று எழுதிப் பதிவில் போட்டார்.

நாலே நாளில் அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. பத்து நாளில் இந்தத் தலைவலி தீராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி அவருடைய முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான்.

மச்சான் நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அந்த உரிமையில் குடும்பத்துக்கே அவர் பாதி வக்கீல்.

"பேரு இருந்தாத்தானே மாமா கேஸு? பேரைத் தூக்கிடுங்க" என்றார்.

மெக்கானிக் பெயரைத் தூக்கினார். போட்டோவிலும் பெயர் இருந்ததால் அதையும் தூக்கினார். ‘நகரின் ஒரு பிரபல நிறுவனம்’ என்று மாற்றிவிட்டு, சட்டத்தையே ஏமாற்றிவிட்ட தெம்பில் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த வாரமே இன்னும் மூன்று நோட்டீசுகள் வந்தன, மூன்று வேறு நிறுவனங்களிடமிருந்து. முன்கூட்டியே கையெழுத்துப் போடும் நிறுவனம் என்று எழுதியிருப்பது எங்கள் கட்சிக்காரரைத்தான் என்பது படிக்கும் எவருக்கும் விளங்கும் என்று மூன்றும் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் சொல்லின. மெக்கானிக் இந்த முறை அசல் வக்கீலிடமே போனார்.

வக்கீலம்மா நாலு நோட்டீசையும் வரிசையாகப் பரப்பிப் படித்தார். பேர் போடாவிட்டால் தப்பிக்கலாம் என்பது ஜெராக்ஸ் கடைச் சட்டம் என்றார். யாரென்று படிப்பவருக்குப் புரிந்தால் போதும், வழக்கு நிற்கும். பேர் போட்டபோது எதிரி ஒருவர், கையில் ஆதாரம். எடுத்தபோது எதிரிகள் நாலு பேர், கையில் ஒன்றுமில்லை. பேரையும் போட்டோவையும் திரும்பப் போடுங்கள், முதல் நோட்டீசுக்கு நான் பதில் எழுதுகிறேன் என்றார்.

"அது சரிம்மா. மத்த மூணு பேரும் எதுக்குத் தங்களைத்தான் சொல்றேன்னு நெனச்சாங்க?"

"அதை மட்டும் எழுதிடாதீங்க. அதுக்கு உங்ககிட்ட போட்டோ இல்ல."

பெயர் திரும்ப ஏறியது. பதிலோடு அட்டையின் நகலைப் பார்த்ததும் முதல் நிறுவனம் வாயை மூடிக்கொண்டது. மற்ற மூன்றும் நோட்டீசைத் திரும்பப் பெற்றன. அதில் ஒன்று, லிஃப்ட் பாதுகாப்பில் அவர் காட்டும் அக்கறையைப் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டது. வேலை பிழைத்தது. முதலாளி அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

நன்றி சொல்ல மெக்கானிக் வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குப் போனபோது அவரும் கிளம்பிக்கொண்டிருந்தார். இருவரும் ஆறாம் மாடியில் லிஃப்டுக்காக நின்றார்கள். கதவு திறந்தது. உள்ளே பித்தளைத் தகட்டில் பராமரிப்பு நிறுவனத்தின் பெயர் பளபளத்தது: பாராட்டுக் கடிதம் போட்டவர்கள். ஒரு குழந்தையும் அதன் அம்மாவும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். வருகிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லம்மா, நீங்க போங்க, நாங்க நடந்தே வர்றோம்" என்றார் வக்கீலம்மா.

மெக்கானிக் வாயைத் திறந்தார். வக்கீலம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது.