வண்டியைத் தூக்கிக்கொண்டு போன காத்து

எனக்கு எழுத அவ்வளவா வராது. அஞ்சாம் கிளாஸோட நிறுத்திட்டாங்க. எழுத்துல தப்பு இருக்கும், நடந்ததும் முன்னபின்ன மாறிப் போயிருக்கும். மறதியும் சேர்ந்துக்கிச்சு. மன்னிச்சுப் படிங்க.

அறுபதுகள்ல நடந்தது. அறுபத்து நாலோ அஞ்சோ, சரியாத் தெரியலை. செஞ்சியில இருந்து வல்லம் போற வழியில எங்களுக்குக் கொஞ்சம் கிணத்துப் பாசன நிலம் இருந்தது. சித்திரை மாசம். மல்லாட்டை பிடுங்கிக்கிட்டு இருந்தோம். நிலக்கடலையை எங்க பக்கம் மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம். என் மூத்த பையன் அப்பதான் குப்புற விழப் பழகியிருந்தான்.

அந்த நிலத்துல நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வண்டியைக் கிணத்துக்கிட்ட நிறுத்திட்டு, மாட்டை அவிழ்த்து எங்க வீட்டுக்காரர் ஏரிக்குத் தண்ணி காட்ட ஓட்டிட்டுப் போயிட்டார். மாமியார் தன்னோட மாத்துப் புடவையை வண்டிக்கு அடியில அச்சுல தூளியாக் கட்டி, பையனை அதுல போட்டாங்க. வெயிலுக்கு அதை விட்டா வேற இடம் இல்லை. பக்கத்துல முளைக்குச்சி அடிச்சு வெள்ளாடு ஒண்ணு கட்டியிருந்தது.

மாமியாருக்கும் எனக்கும் அவ்வளவா ஒத்துப்போகாது. நான் எதைச் செஞ்சாலும், "உங்க நைனா வூட்டுல இதான் கத்துக் குடுத்தாங்களா?"ன்னு கேப்பாங்க. நான் எதிர்த்துப் பேச மாட்டேன். பேசவும் தெரியாது.

மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டு, நானும் மாமியாரும் கூலிக்கு வந்த ஒரு அக்காவும் உக்காந்து செடியில இருந்து காய் ஆஞ்சுக்கிட்டு இருந்தோம். தூரத்துல ஒரு சூறைக்காத்து சுத்திக்கிட்டு வந்தது. கோடையில எங்க பக்கம் அடிக்கடி வரும். ஆள் உசரத்துக்குச் சருகும் தூசியுமா சுத்தும், அப்புறம் அடங்கிடும். அதுக்குள்ள பேய் இருக்குது, துப்பினா விலகிப் போயிடும்னு சொல்லுவாங்க. அன்னிக்கும் எழுந்து நின்னு துப்பினோம்.

"பெரிம்மா துப்புன துப்புல பேய் திண்டிவனத்துக்கே ஓடிடும்"னு அந்த அக்கா சிரிச்சாங்க.

"சிரிடி சிரி. உம்மேல ஏறிச்சின்னா தெரியும்"னு மாமியார் இன்னொரு தடவை துப்பினாங்க.

ஆனா அது விலகலை. கிட்ட வர வரப் பெருசாச்சு. அதுக்குப் பின்னால வானம் கருத்திருந்தது. எந்நேரமும் கண்ணு முன்னால நிக்கிற செஞ்சிக் கோட்டை மலையைக் காணோம். லோடு லாரி மேடு ஏறுற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து நிலத்து மோட்டார் கொட்டாயோட தகரம் காயிதம் மாதிரி பிச்சுக்கிட்டு மேல போச்சு. அப்பவும் நாங்க துப்பிக்கிட்டுதான் நின்னோம். ஓடணும்னு ஒருத்தருக்கும் தோணலை.

ஆடு கத்துச்சு. திரும்பினேன். தரையில ஆட்டைக் காணோம். என் தலைக்கு மேல, கயிறும் முளைக்குச்சியும் தொங்கத் தொங்க, நாலு காலாலயும் ஓடுற மாதிரி உதைச்சுக்கிட்டுப் போயிக்கிட்டு இருந்தது.

"வண்டியப் புடிச்சுக்குங்கடி!"

மாமியார் கத்தினதும் மூணு பேரும் ஓடிப் போய் வண்டியைப் புடிச்சோம். அந்த இடத்துல அதை விடப் பாரமான பொருள் வேற இல்லையே. நான் அடியில நுழைஞ்சு தூளி முடிச்சை அவுக்கப் பாத்தேன். வண்டி ஆட ஆட முடிச்சு இறுகுது. பையன் முகம் பூரா மண்ணு. வாய் திறந்திருக்கிறதை வச்சுதான் அழுவுறான்னு தெரியுது, சத்தம் கேக்கலை. அப்பதான் பாத்தேன், ஒரு பக்கத்துச் சக்கரம் தரையில இல்லை.

"அத்தை! முடிச்சு அவுரலை அத்தை!"

அவங்ககிட்ட நான் சத்தமாப் பேசினது அன்னிக்குதான்.

காத்துக் கருப்பு அண்டக் கூடாதுன்னு பிள்ளை தூங்குற இடத்துல இரும்பு வைக்கிறது எங்க வழக்கம். அச்சு இடுக்குல அவங்க கதிர் அறுக்குற பன்னருவா ஒண்ணைச் சொருகி வச்சிருந்தாங்க. அதை உருவி, தூளியை மேல புடிச்சு ஒரே அறுப்பு. பையன் என் மடியில விழுந்தான். "வண்டிய வுடுடி!"ன்னு என் கொண்டையைப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போய்க் காஞ்ச வாய்க்கால்ல தள்ளினாங்க. நான் பிள்ளையை நெஞ்சுக்கு அடியில வச்சுக் குப்புறப் படுத்தேன். அவங்க என் மேல விழுந்தாங்க. அந்த அக்கா அவங்க காலைக் கட்டிக்கிச்சு.

கல்லும் மண்கட்டியும் அவங்க முதுகுல விழுற ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரிஞ்சுது. மூச்சு விட முடியலை. நடுவுல ஒரு தடவை அந்தப் பாரம் சட்டுனு குறைஞ்சுது. அவங்களைக் காத்து தூக்குது. போயிட்டாங்கன்னே நினைச்சேன். கரையில இருந்த எருக்கஞ்செடியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு மறுபடியும் என் மேல அழுத்திப் படுத்தாங்க.

சத்தம் தூரமாப் போனப்புறம்தான் தலையைத் தூக்கினேன். வண்டியைக் காணோம். எட்டிப் பாத்தா, கிணத்துக்குள்ள சக்கரம் மேல இருக்க, தலைகீழாக் கிடந்தது. ஆடு தூரத்துல ஒரு பெரிய பாறை மேல உசுரோட நின்னு கத்திக்கிட்டு இருந்தது. அப்புறம் ஏரியில இருந்து திரும்பின எங்க வீட்டுக்காரரும் இன்னும் சில ஆம்பளைங்களும் ஏணி வச்சுதான் இறக்கினாங்க.

மாமியார் ரவிக்கை முதுகுப் பக்கம் பூரா ரத்தம். நான் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"இன்னாடி முழிக்கிற? புள்ள மூக்குல மண்ணு இருக்குது பாரு, தொடை"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "நல்ல பொடவை போச்சு"ன்னு முனகினாங்க.

அதுக்கப்புறமும் அவங்க வாய் குறையலை. ஆனா எனக்குப் பழைய மாதிரி கோவம் வரலை.

ஆடு பறந்ததைச் சொன்னா இப்ப யாரும் நம்புறதில்லை. அந்தப் பக்கத்துப் பெரியவங்க யாருக்காவது ஞாபகம் இருந்தா, அது எந்த வருஷம், பாறை அவ்வளவு தூரமா, காத்துக்கு அவ்வளவு பலம் உண்டான்னு சரி பாத்துச் சொல்லுங்க. ரெண்டு மாடு இழுக்குற வண்டியைத் தூக்கின காத்து, என் மேல படுத்திருந்த மனுஷியைத் தூக்க முடியாமத்தான் போச்சு. அதை மட்டும் நான் யாரையும் கேக்கத் தேவையில்லை, அந்தப் பாரம் இன்னும் என் முதுகுல இருக்குது.