ஆரோடையாவது கோவமோ?

துவக்கு லைசென்ஸ் எழுதும் கிளாக்கருக்குச் சுடத் தெரிந்திருக்கத் தேவையில்லை. கேட்கத் தெரிந்தால் போதும். எங்கோ ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் துவக்கோடு புகுந்தான் என்று செய்தி வரும்போதெல்லாம், சட்டம் போதுமா போதாதா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். மன்னாரில் பதினொரு வருடம் அந்தச் சட்டத்தின் படிவங்களோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். அரசாங்கக் கந்தோர்க் கதிரையில் முதுகு தேய்ந்தவர்களுக்கு விளங்கும்.

வள்ளக்காரரின் பன்றி

படிவத்தில் ‘துவக்கு எதற்கு?’ என்றொரு கேள்வி உண்டு. வயல் செய்பவர் எல்லாரும் ‘பன்றி’ என்று எழுதுவார்கள். வங்காலையிலிருந்து வந்த ஒருவரும் அதையே எழுதியிருந்தார். அவருக்கு வள்ளமும் வலையும் உண்டு. ஒரு பரப்பு வயல்கூட இல்லை. உங்கள் வலையை எந்தப் பன்றி கடித்தது என்று கேட்டேன்.

“உண்மையான காரணத்தை எழுதினா நீங்கள் தரமாட்டியளே, ஐயா!”

அச்சடிக்காத கேள்வி

அவரை வெறுங்கையோடு அனுப்பிய நாளிலிருந்து, பேனையைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்பேன்: “இப்ப ஆரோடையாவது கோவமோ?” தாளில் பொய் எழுதுகிறவர்கள் வாயால் கேட்டால் உண்மையைக் கொட்டிவிடுகிறார்கள். அடம்பன் கிராமத்துச் செல்லத்துரை வருடாவருடம் லைசென்ஸ் புதுப்பிப்பவர். அந்த முறை முகம் கறுத்தது. “தம்பியோட. என்ர வாய்க்காலை மறிச்சுப்போட்டான். ஒருநாளைக்கு...” என்று நிறுத்தி, பதிவுக்குக் கொண்டுவந்திருந்த துவக்கைப் பார்த்தார்.

புதுப்பிக்காவிட்டால் பன்றி அவர் நெல்லைத் தின்னும். புதுப்பித்தால் தம்பியின் கதி? மறுநாள் இருவரையும் ஊர்த் தலைவரான விதானையார் முன் நிறுத்தி ஓர் ஏற்பாடு செய்தேன்: துவக்கு அண்ணன் வீட்டில், தோட்டா தம்பி வீட்டில். எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்காதீர்கள். என் மேலதிகாரி வேறு விதமாகக் கேட்டார்:

“ஐசே, உம்மை இங்க லைசென்ஸ் எழுத வைச்சதோ, சம்பந்தம் பேச வைச்சதோ?”

ஒரு சைக்கிள், இரண்டு பேர்

அறுவடை முடிந்து இருவரும் ஒரே சைக்கிளில் வந்தார்கள். அண்ணன் மிதிக்க, தம்பி பின்னால். முதல் மாதம் ஒரு வெடியும் கேட்கவில்லையாம். தோட்டா கேட்க அண்ணனுக்கு ரோஷம், பன்றிகளுக்குக் கொண்டாட்டம். பிறகு வாய்க்காலும் திறந்துவிட்டதாம். எப்படி என்று தம்பியைக் கேட்டேன்.

“என்ர வயலுக்கையும் பன்றி இறங்கிட்டுது, ஐயா. தோட்டாவோட அண்ணன்ர வீட்டுப் படலையில போய் நிண்டன். ‘சாப்பிட்டனியோடா?’ எண்டுதான் முதல் கேட்டவர்.”

‘ஆரோடையாவது கோவமோ?’ என்ற என் கேள்வியை இன்றுவரை எந்தப் படிவத்திலும் எவரும் அச்சடிக்கவில்லை என்றாலும், நான் எழுதிய லைசென்ஸோடு வெளியே போன துவக்கு ஒன்றுகூட மனிதரைத் தொட்டதில்லை என்பதை, கொஞ்சம் தலைக்கனத்தோடுதான், இங்கே பதிந்து வைக்கிறேன்.