போருக்குள் போன காற்று

அம்மாவின் சிறுநீரகங்கள் கெட்டதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் போன பிறகுதான், எங்கள் கொல்லை போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். பாறையிலிருந்து கரைந்த யுரேனியம் அளவுக்கு மேல் இருந்தது. வேறு வீட்டுத் தண்ணீராக இருந்தால் பதறியிருப்பேன். ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது.

யுரேனியத்தை அழிக்க முடியாது. ஆனால் மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கும் சில பாக்டீரியாக்கள், காற்று இல்லாத இடத்தில், தண்ணீரில் கரைந்திருப்பதைக் கரையாத துகளாக்கிப் பாறையிலேயே படியவிடும். நாம் தீனி போட்டால் போதும். ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, வினிகர் வகையைச் சேர்ந்த ஒரு கரைசலைப் போருக்குள் விட்டு அதன் வாயை இறுக மூடினேன்.

"இன்னாம்மா, ஊறுகாயா போடுற?" என்றார் அப்பா.

மோட்டார் போடாதீங்கப்பா, குடிக்க கேன் தண்ணிதான் என்றேன். இரண்டுக்கும் தலையாட்டினார்.

மாதாமாதம் தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். யுரேனியம் குறைந்துகொண்டே வந்தது. கூடவே அழுகிய முட்டை வாடையும் வந்தது. உள்ளே காற்றில்லை, வேலை நடக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்த வருஷம் எனக்குப் பிடித்திருந்தது அந்த நாற்றம் ஒன்றுதான்.

முதல் தெவசத்தன்று காலையில் ஊருக்குப் போனேன். விழுப்புரத்துச் சொந்தங்கள் வந்திருந்தார்கள். கொல்லையெல்லாம் சாம்பல் நிறச் சேறு.

"நாத்தத் தண்ணிய வச்சிக்கினு உங்கம்மாவுக்கு எப்டிம்மா படைக்கிறது? கம்ப்ரசர் வண்டிய இட்டாந்து ரெண்டு மணி நேரம் போருக்குள்ள காத்து ஊதவுட்டேன். இப்பப் பாரு, கண்ணாடியாட்டம் வருது" என்றார் அப்பா.

தெவசத்துக்கு முன் வீட்டைக் கழுவுவார்கள். அப்பா போரையும் கழுவிவிட்டார். மோட்டார் போட வேண்டாம் என்று சொன்ன நான், காற்று படக்கூடாது என்று சொல்லவே இல்லை. இரண்டு மணி நேரக் காற்றில், படிந்தது மறுபடி கரையத் தொடங்கியிருக்கும். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அம்மா போன அன்றைக்கு அழுகையும் இப்படித்தான் வராமல் போனது.

கூடத்தில் அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், தெளிவாக. அதை எடுத்துப்போய்க் கொல்லையில் கொட்டினேன். கேனைச் சாய்த்து நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவளுக்குமாம்மா?" என்றார்.

ஆமாம்ப்பா என்றேன்.