கையெழுத்தக்காவின் பத்துக் கடிதங்கள்

பிளாஸ்டிக் குழாய் செய்யும் அந்தத் தொழிற்சாலையில், உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவளுக்குப் பட்டப்பெயர் கையெழுத்தக்கா. கையெழுத்துப் போடாமல் அவளிடமிருந்து ஒரு திருகாணியைக்கூட வாங்கிவிட முடியாது. அது மட்டும் போதாது, பக்கத்தில் தேதியும் வேண்டும். "மெஷின் நின்னு கிடக்குதுக்கா, அப்புறம் போடுறேன்" என்று ஃபிட்டர்கள் கெஞ்சுவார்கள். "மெஷின்தானே நின்னுச்சு? உன் கை நல்லாத்தானே இருக்கு?" என்பாள். வாசல்வரை போய்விட்ட மானேஜரையே ஒருமுறை திரும்பக் கூப்பிட்டுத் தேதி போடவைத்திருக்கிறாள்.

ஊரெல்லாம் கையெழுத்து வாங்குகிறவளுக்குக் கம்பெனி தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. பதினோரு மாதத்துக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள். அது முடிந்ததும் ஏழு நாள் வீட்டில் இரு என்பார்கள். எட்டாம் நாள், 'புதிதாகச் சேருபவர்' என்று இன்னொரு கடிதம். இப்படிப் பத்துக் கடிதங்கள். எட்டே முக்கால் வருடம் ஆன பிறகும் காகிதத்தில் அவள் பச்சைக் குழந்தை. அந்த ஏழு நாளிலும் மானேஜர் தவறாமல் போன் செய்வார். "மூணாம் நம்பர் மெஷின் பெல்ட் எங்கம்மா இருக்கு?" வேலையில் இல்லாதவள், துணி காயப்போட்டுக்கொண்டே பதில் சொல்வாள். "இடது அலமாரி, மேலயிருந்து ரெண்டாவது தட்டு, ஆயில் சீல் டப்பாவுக்குப் பின்னால."

இப்போது அதே கிடங்குக்கு ஒரு நிரந்தர வேலை அறிவித்திருந்தார்கள். வெளியாட்களும் வரலாம். வேறு யாராவது தேர்வாகிவிட்டால் பதினோராவது கடிதம் கிடையாது, அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை நடந்தது. மகள் போனைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள்: 'நான் கடின உழைப்பாளி. எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்.' விண்ணப்பத்தில் அனுபவம் என்ற கட்டத்தில் 'நான்கு மாதம்' என்று நிரப்பினாள். பத்தாவது கடிதம் வந்து அவ்வளவுதான் ஆகியிருந்தது.

"நாலு மாசமா?" என்று நிமிர்ந்தாள் கையெழுத்தக்கா.

"காகிதத்துல அதானே இருக்கு," என்றார் கணவர். "சொல்லிட்டு வந்துடு. வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்காத."

அவருடைய பயம் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததாலேயே ஆத்திரமும் வந்தது. பத்துக் கடிதங்களையும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நேர்காணல் அறைக்கு வெளியே, புது ஷூ போட்ட ஒருவன் சுவரைப் பார்த்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தான். சுவருக்கு அவனைப் பிடித்த மாதிரி தெரியவில்லை.

உள்ளே இரண்டு பேர். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த மேடம் ஒருவர், பக்கத்தில் மானேஜர். நேற்று மாலை அவளிடம் ஃபியூஸ் வாங்கிக்கொண்டு போன அதே மனிதர், முன்பின் பார்த்திராதவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களை அறிமுகப்படுத்திக்கோங்க," என்றார்.

மகள் எழுதிக் கொடுத்த வரி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"மேடத்துக்குச் சொல்றேன் சார். உங்களுக்கு எதுக்கு?"

மானேஜரின் முகம் சுண்டிப்போனது. "எல்லாருக்கும் ஒரே கேள்விதாம்மா. விதிமுறை. அனுபவம் எவ்வளவு? அதுல இருந்து ஆரம்பிங்க."

"அங்கதான் இடிக்குது சார். நாலு மாசம்னு சொன்னா நான் பொய் சொல்றேன். எட்டே முக்கால் வருஷம்னு சொன்னா, நீங்க குடுத்த காகிதமே என்னைப் பொய்க்காரி ஆக்கிடும்." கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். "பத்துத் தடவை புதுசா சேர்ந்திருக்கேன் மேடம். பத்துலயும் சாரோட கையெழுத்துதான். இங்க என்னை நல்லாத் தெரிஞ்சவர் அவர்தான். அவரே என்னை அறிமுகப்படுத்தட்டும்."

வேலை போனால் போகட்டும், இன்னொரு முறை புதியவளாக மாட்டேன் என்று அந்த நொடியில்தான் முடிவு செய்தாள்.

மேடம் கடிதங்களை வரிசையாகப் புரட்டிப் பார்த்தார். "சொல்லுங்க சார்," என்றார்.

மானேஜர் தொண்டையைச் செருமினார். விதிமுறை என்று மறுபடி ஆரம்பித்தார். மேடம் பார்த்த பார்வையில் அது பாதியில் நின்றது.

"எந்த மெஷின் நின்னாலும் நான் முதல்ல போன் பண்றது இவங்களுக்குத்தான்," என்றார் கடைசியில்.

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது இருக்கும்."

"எட்டு வருஷம் ஒன்பது மாசம் சார். அதிகமா ஒரு நாள்கூட வேண்டாம்." மேசையிலிருந்த தன் விண்ணப்பத்தை அவர் பக்கம் தள்ளினாள். "வாயால சொன்னா நம்ம கிடங்குல செல்லாது. எழுதிக் குடுங்க."

மானேஜர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தன் பேனாவை நீட்டினார். அவர் 'நான்கு மாதம்' என்பதை அடித்துவிட்டு, மேலே எழுதத் தொடங்கினார்.

"வேலையில எப்போ சேர முடியும்?" என்று கேட்டார் மேடம்.

"சேர்ந்தாச்சு மேடம். அதைத்தான் சார் எழுதிட்டிருக்கார்."

மானேஜர் அவசரமாகக் கையெழுத்தைப் போட்டுக் காகிதத்தை நகர்த்தினார். கையெழுத்தக்கா குனிந்து பார்த்தாள்.

"தேதி போடலையே சார்."