புளி மண்டிக்கு நான் எழுதிய மனு

எங்கள் ஊர்க் கடைவீதியில் மிச்சமிருந்த ஒரே பழைய கட்டடம் அந்தப் புளி மண்டிதான். சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண்கள், நாட்டு ஓடு. ஜவ்வாது மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் மூட்டையை அங்கே போட்டுவிட்டு, சீட்டு எதுவும் வாங்காமல் ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ போய்விடுவார்கள். ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்புகளோடு இருந்த எனக்கு அது விளங்காத நடைமுறை.

போன வருடம் கூரை ஒழுகியது. மண்டிக்காரர் கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டார். நான்தான் தடுத்தேன். பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கக் கேட்டு மனுப் போடலாம், அதற்குள் கை வைத்தால் கோப்பு நிற்காது என்றேன்.

"இன்னா சார், நாலு ஓடு மாத்தறதுக்கு மனுவா? மழ வந்துடும் சார்."

"வரட்டும். மொறையா போனா கவர்மெண்டே ரிப்பேர் பண்ணிக் குடுக்கும்."

"நீங்க படிச்சவரு" என்று சொல்லி, கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார்.

ஆறு பக்க மனு. நிதி ஒதுக்க வேண்டிய அவசரம் தெரியட்டுமே என்று விரிசல்களைப் படமெடுத்து, 'உடனடி ஆபத்து' என்று தலைப்பும் கொடுத்து இணைத்தேன். அவ்வளவு கச்சிதமான மனு என் மேசைக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மழைக்காலம் முழுக்கச் சுவர் ஊறியது. தை மாதம் ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். சுவரை ஒருமுறை பார்த்தார், மனுவை இரண்டுமுறை.

"ஆபத்துன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்" என்றார், மரியாதையாகத்தான்.

இடிக்கச் சொல்லி வந்த நோட்டீசில் என் வாக்கியங்கள் எழுத்து மாறாமல் இருந்தன. மேல்முறையீடு செய்தேன். எதிர்த்தரப்பின் முதல் ஆவணம் என் மனு. அவர்கள் நடைமுறையில் என்னால் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அதிகாரியின் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

இடித்த அன்று மண்டிக்காரர் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தூண்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வியாபாரத்தை விட்டுவிட்டு ஆலங்காயத்தில் பொண்ணு வூட்டோடு இருந்துவிடப் போவதாகச் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே.

"மாத்து எடம் கேட்டு ஒரு மனு எழுதித் தரட்டுமா?"

"வேணாம் சார். நீங்க எழுதினா நடந்துடுது."

குரலில் கோபமே இல்லை. எனக்கும் சேர்த்து டீ சொன்னார். குடித்தேன்.