கேட்டில் பிடிபட்ட கவிதை

எண்பதுகளின் நடுவில் ஆவடிப் பக்கம் ஒரு ராணுவத் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். தங்கியிருந்தது பட்டாபிராமில், மொட்டைமாடியில் ஒற்றை அறை. சொந்த ஊர் தெற்கே. கடிதம் போட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும். கவிதை எழுதுகிறவனுக்குத் தனிமை ஒரு வரம் என்று எங்கேயோ படித்துவிட்டு, அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்த வயது.

கவிதை பெரும்பாலும் லேத் ஓடும்போதுதான் வரும். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கையில் ஒரு வரி தோன்றும். உதிரிபாகம் சுற்றி வந்த காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, எண்ணெய்க் கையோடு எழுதிவைப்பேன். வம்பு என்னவென்றால், எழுத்து உள்ள எந்தக் காகிதமும் கேட்டைத் தாண்டக் கூடாது. வரைபடம், அளவு எதுவும் வெளியே போய்விடக் கூடாதாம். வேலை முடிந்து போகிறவர்களைக் காவலர்கள் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். தர்வான் என்போம் அவர்களை. டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து காட்ட வேண்டும்.

ஆகவே சங்கு ஊதுவதற்குள் கவிதையை மனப்பாடம் செய்துவிட்டு, காகிதத்தைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவேன். கேட்டுக்குப் பத்து நிமிட நடை. அதற்கப்புறம் ரயில். அறைக்குப் போய் நோட்டில் எழுதும்வரை வாயைத் திறக்கக் கூடாது. யாராவது "இன்னாபா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டால் போதும், மூன்றாவது வரி ஓடிப்போகும். அதனால் எவன் முகத்தையும் பார்க்காமல் நடப்பேன். முதலில் தலைக்கனம் என்றார்கள். பிறகு உம்மணாமூஞ்சி என்றார்கள். பிறகு பேசுவதையே விட்டுவிட்டார்கள். நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தை உள்ளே அழைத்து வரலாம். அந்த வருஷமும் மற்றவர்கள் வீட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். புதுச் சட்டை போட்ட பிள்ளைகளிடம் "இதான் அப்பா மிசினு" என்று ஒவ்வொருவனும் காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து லேத்காரர் மனைவி அவருடைய இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு, போகிற போக்கில் என்னுடையதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள். நான் துடைத்து வைத்திருந்த லேத்தைப் பார்க்க யாரும் வரவில்லை. பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை அதன் பக்கத்திலேயே நின்றேன்.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று பதினாலு வரியில் ஒரு கவிதை வந்தது. அதுவரை எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு சொல் போனாலும் திரும்ப வராது என்றும் தெரிந்தது. மனப்பாடத்தை நம்பப் பயமாக இருந்தது. காகிதத்தை நாலாக மடித்து, டிபன் பாக்ஸில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே செருகினேன்.

அன்று என்னைச் சோதித்தவர் ஐம்பது வயதுக்காரர். பட்டாளத்தில் இருந்து திரும்பியவர், நெமிலிச்சேரியில் வீடு. ரசம் ஊறிய காகிதத்தை எடுத்து, முதல் நாலு வரியை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

நாலரை மணிச் சங்கு
எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிறது
எனக்கு மட்டும்
கேட்டைத் திறந்துவிடுகிறது

அவர் முகம் மாறிவிட்டது. "கேட்டாண்ட நிக்கிறது நானு. உனக்கு மட்டும்னு எப்பப்பா தொறந்துவுட்டேன்? எம் வேலைக்கி ஒல வெக்கப் பாக்கிறியா?"

கவிதை என்றேன். நம்பவில்லை. மணி போட்டிருக்கிறது, சங்கு இருக்கிறது, கேட் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். வழியில் நின்று பார்த்தவர்களில் ஒருவர்கூட எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? என்னை யாருக்குத் தெரியும்?

அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. சீட்டில் என்ன இருக்கிறது என்று தர்வானிடம் இந்தியில் கேட்டார். வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன். தர்வான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. பதினாலு வரியும் முடிந்த பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். அவர் இந்தியில் சொன்னது எனக்குப் புரிந்தது.

"ரகசியம் ஒண்ணுமில்லை சாப். இந்த ஆளுக்கு வீட்டில் யாரும் இல்லை. அதைத்தான் எழுதியிருக்கிறான்."

அதிகாரி காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, என்னைப் போகச் சொன்னார். அதட்டவில்லை. இரக்கப்பட்டார். மெமோ கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கவிதைக்காக நானே தேடிக்கொண்ட தனிமை என்று பெருமையாக வைத்திருந்ததை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் உடைத்துவிட்டார். ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குமுன் என் கவிதையை யாரும் வாசித்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கேட்டில் என் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே அந்தத் தர்வான் மெதுவாகக் கேட்டார். "ஞாயித்துக்கெழம சும்மாத்தான கீறே? ஊட்டாண்ட வா நைனா. கறிக்கொழம்பு வெக்கச் சொல்றேன்."

சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். நெமிலிச்சேரி அடுத்த ஸ்டேஷன்தான், நடந்தே போய்விடலாம். செருப்பு மாட்டும்போது ஒரு வரி வந்தது. எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட ஒரு மனிதரைப் பற்றி இருபது வரி எழுதி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நல்ல கவிதைதான். திங்கட்கிழமை அவர் என் பையைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.